கலயம் கெட்டால் கருப்பட்டி கெடும்

“பனை மரத்தடியில் பால் குடித்தாலும் கள் என்றுதான் சொல்வார்கள்” என்பது பழமொழி. பாலுக்கே அந்தக் கதி என்றால் பதநீரின் கதியைக் கேட்க வேண்டுமா?

தூத்துக்குடிச் சீமையிலே திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம், வேம்பார் வட்டாரங்களில் பனை ஏறிப் பிழைக்கும் மக்கள் இன்றும் இருக்கிறார்கள். பங்குனி வெயிலில் தொடங்கி ஆடிக் காற்று வரையில் அவர்களுடைய பாடு மரத்தின் உச்சியில்தான். அறுபது, எழுபது அடி உயரம். ஒரு நாளில் முப்பது, நாற்பது மரம். அதுவும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. இவ்வளவு பாடுபட்டு இறக்கும் சாறு பதநீரா, கள்ளா என்பதை எது முடிவு செய்கிறது? மரம் அல்ல. மனிதனுடைய நல்ல எண்ணம் மட்டும் அல்ல. பாளையின் அடியிலே தொங்குகிறதே ஒரு சின்ன மண் கலயம், அதுதான் முடிவு செய்கிறது.

அந்தக் கலயத்தைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. மரத்தைக் காக்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறோம். பனை நம் மாநில மரம் என்று பெருமை கொள்கிறோம். 2021-ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில், பனை மரத்தை வெட்ட வேண்டுமானால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு அறிவித்தது. நல்ல காரியம். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது. அதுவும் நல்ல காரியம். ஆனால் மரத்துக்கும் கருப்பட்டிக்கும் நடுவிலே இருக்கும் கலயத்தை யார் கவனித்தார்கள்?

இரண்டுக்கும் தாய் ஒன்றே

பனஞ்சாறு பாளைக்குள் இருக்கும்போது தூய்மையானது. நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை அதில் இருக்கும். பாளையைச் சீவியதும் வெளியே சொட்டுகிறது. அந்தக் கணத்திலிருந்து காற்றும், ஈயும், எறும்பும், கலயமும் அதில் கை வைக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று பெருகுகின்றன. சாராயச் சத்து உண்டாகிறது. அதுதான் கள். அதையும் அப்படியே விட்டு வைத்தால் புளித்துக் காடியாகும்.

இந்த ரகசியத்தை உலகுக்கு விளக்கியவர் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர். 1876-ல் அவர் பீர் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். பானம் கெட்டுப் போவதற்குக் காரணம் வேண்டாத நுண்ணுயிர்கள், அவை காற்றிலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் வருகின்றன என்று காட்டினார். நம் ஊர்ப் பனைத் தொழிலாளி பாஸ்டரைப் படித்ததில்லை. ஆனாலும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காது என்பதை அவன் பாட்டன் காலத்திலிருந்தே அறிந்திருக்கிறான். சுண்ணாம்பு காரம் உள்ள பொருள். அந்தக் காரத்தில் நுண்ணுயிர்கள் தலையெடுக்க முடிவதில்லை. சாறு இனிப்பாகவே நிற்கிறது. அதுவே பதநீர்.

இப்போது ஒரு வேற்றுமையைப் பாருங்கள். கள்ளுக்குக் கட்டும் கலயத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டிய அவசியமே இல்லை. பழைய கள்ளின் மண்டி அடியிலே இருந்தால் புதுச் சாறு சீக்கிரம் பொங்கும். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். ஒரு சொட்டு மண்டியில் லட்சக் கணக்கான உயிர்கள் இருக்கின்றன. ஆகவே, கள்ளுக்குப் பழைய கலயம் நண்பன். பதநீருக்கோ அதே பழைய கலயம் பகைவன்.

அதனால்தான் சொல்கிறேன்: பதநீர்த் தொழில் என்பது பாதி மரம் ஏறும் தொழில், பாதி பாத்திரம் கழுவும் தொழில். முதல் பாதியைப் பார்த்து வியக்கிறோம். இரண்டாம் பாதியை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

சட்டமும் சுண்ணாம்பும்

இது வெறும் சுத்தத்தைப் பற்றிய பேச்சு என்று நினைக்க வேண்டாம். வயிற்றுப்பாட்டைப் பற்றியது. சில சமயம் சிறைவாசத்தைப் பற்றியதும் கூட.

ராஜாஜி முதல் மந்திரியாக இருந்தபோது 1937 அக்டோபர் முதல் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. 1971-ல் கள்ளுக்கடைகள் திறக்கப்பட்டன, பிறகு மூடப்பட்டன, 1981-ல் மறுபடி திறக்கப்பட்டன. 1987 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருந்து வருகிறது. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கு அனுமதி உண்டு. நம் மாநிலத்தில் சீமைச் சாராயத்துக்குக் கடை உண்டு, கள்ளுக்கு இல்லை.

கள்ளுக்குத் தடை இருக்க வேண்டுமா, நீங்க வேண்டுமா என்பது பெரிய வாதம். இரண்டு பக்கத்திலும் நியாயம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தை இன்று இங்கே தீர்க்கப் போவதில்லை. அது தீரும் வரையில் பனைத் தொழிலாளி பதநீர் இறக்கித்தான் பிழைக்க வேண்டும். அவன் கலயம் சரியாகக் கழுவப்படவில்லை என்றால், சுண்ணாம்பு சரியாகப் படியவில்லை என்றால், அவன் இறக்கியது சில மணி நேரத்தில் கள்ளாகி நிற்கிறது. அவன் விரும்பிச் செய்தானா, தவறிப் போனதா என்று கலயம் சாட்சி சொல்லாது. பதநீர் இறக்குகிறவர்களையும் கள் வழக்கில் இழுக்கிறார்கள் என்ற முறையீடு நெடுநாளாக இருக்கிறது. ஆக, பிறருக்கு அசுத்தப் பாத்திரத்தால் வரும் நஷ்டம் ஒரு நாள் கூலி. பனைத் தொழிலாளிக்கு வரும் நஷ்டம் மானம்.

அதிகாரியிடம் தப்பித்தாலும் அடுப்பிடம் தப்ப முடியாது. லேசாகப் புளித்த பதநீரில் சர்க்கரை உடைந்து போகிறது. அதை விடிலியிலே எத்தனை நேரம் காய்ச்சினாலும் பாகு இறுகாது. சிரட்டையில் ஊற்றினால் கெட்டியாகாமல் பிசுபிசுக்கும். மழைக்காலத்தில் கசிந்து ஒழுகும். விறகும் போச்சு, உழைப்பும் போச்சு. அப்போதுதான் சிலருக்கு, “கொஞ்சம் சீனியைக் கொட்டினால் இறுகிவிடுமே” என்ற புத்தி வருகிறது. கருப்பட்டியில் கலப்படம் என்று நகரத்தார் குறை சொல்கிறார்கள். சீனி மலிவு, ஆசை பெரிது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பாவத்துக்கு ஒரு வாசல் அசுத்தக் கலயத்தில் திறக்கிறது என்பதையும் நினைக்க வேண்டும்.

வெள்ளை அடித்தால் சுத்தமா?

“தினமும்தான் சுண்ணாம்பு தடவுகிறோமே, பிறகென்ன?” என்று கேட்கலாம். இங்கேதான் நுணுக்கம் இருக்கிறது.

சுண்ணாம்பு காற்றுப் பட்டுக் காய்ந்தால், நாளடைவில் அதன் காரம் போய்விடும். வெறும் கல்லாகிவிடும். பழைய பூச்சின் மேலே புதுப் பூச்சு, அதன் மேலே இன்னொரு பூச்சு என்று தடவிக்கொண்டே போனால் கலயத்தின் உள்ளே பொருக்குப் பொருக்காகப் படியும். பார்க்க வெள்ளை வெளேர் என்று இருக்கும். பொருக்கின் அடியிலே பழைய சாறு புகுந்து புளித்துக் கொண்டிருக்கும். சுவரில் ஓதத்தை மறைக்க வெள்ளை அடிப்பது போன்ற வேலை இது.

சரியான முறை என்ன? முதலில் அழுக்கை எடுக்க வேண்டும். பிறகுதான் கிருமியைத் தடுக்க வேண்டும். இவை இரண்டும் வேறு வேறு வேலைகள். தும்பு அல்லது தேங்காய் நாரினால் உள்ளே நன்றாகத் தேய்த்து, பொருக்கு விடாவிட்டால் புளித் தண்ணீர் ஊற்றி ஊறவைக்கலாம். புளிப்புப் பட்டால் அந்தக் கல் கரைந்து இளகும். பிறகு வெந்நீரால் அலசி, கவிழ்த்து வைத்து, நல்ல வெயிலில் காய வைக்க வேண்டும். நாற்றம் ஏறிய கலயத்தை ஓலைத் தீயில் வாட்டி எடுக்கலாம். மண்ணின் துளைகளுக்குள்ளே இருப்பது சூட்டினால்தான் சாகும். அதன் பிறகு புதிதாக நீற்றிய சுண்ணாம்பை மெல்லிசாக, ஒரே சீராகத் தடவ வேண்டும். அதிகம் தடவுவதும் ஆகாது. நாக்கைச் சுடும், கருப்பட்டியின் சுவையும் நிறமும் கெடும்.

கலயத்தின் வாயை மூடிக் கட்டுவதும் சுத்தத்தில் சேர்ந்ததே. வங்காள தேசத்தில் பேரீச்ச மரத்துச் சாற்றை வௌவால் நக்கியதால் நிபா என்னும் கொடிய நோய் மக்களுக்குத் தொற்றியது. 2001 முதல் அங்கே அந்த நோய் அறியப்பட்டிருக்கிறது. அங்கே இப்போது மூங்கில் தட்டியால் பாளையையும் பானையையும் மூடிக் கட்டும்படி சொல்லித் தருகிறார்கள். ஓலைக்குப் பஞ்சமில்லாத பனங்காட்டில் நமக்கு மூடி செய்வதா கஷ்டம்?

மேல்நாட்டார் செய்யும் வேலை

பழைய பாத்திரத்தைப் புதுப்பிப்பது கௌரவக் குறைவு என்று நம்மில் சிலர் எண்ணுகிறார்கள். மேல்நாட்டைப் பாருங்கள். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு வீட்டிலே பீர் காய்ச்சிக் கொள்ள 1978-ல் மத்திய சட்டம் இடம் கொடுத்தது. அந்தப் பொழுதுபோக்கில் இறங்கியவர்கள் புதுப் பீப்பாய் வாங்கவில்லை. குளிர்பானக் கம்பெனிகள் கழித்துக் கட்டிய எஃகுப் பீப்பாய்களை வாங்கினார்கள். ஒவ்வொன்றும் சுமார் 19 லிட்டர் கொள்ளும். அவற்றை எப்படிப் புதுப்பிக்கிறார்கள் என்று தெரிந்து கொள்வது நல்லது.

முதலில் உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தைப் போக்குகிறார்கள். பிறகு மூடி, குழாய், அடைப்பான் எல்லாவற்றையும் கழற்றுகிறார்கள். ரப்பர் வளையங்களை எறிந்துவிட்டுப் புதிது போடுகிறார்கள். ஏனென்றால், எஃகைத் தேய்த்தால் பழைய வாசனை போய்விடும், ரப்பரில் ஏறிய வாசனை போகவே போகாது. காரம் கலந்த வெந்நீரில் ஊற வைத்து, தேய்த்து, அலசி, பிறகு தனியாகக் கிருமிநாசினியால் கழுவுகிறார்கள். கடைசியில் காற்றை ஏற்றி, மூட்டுகளில் சோப்பு நீரைத் தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்கிறார்கள்.

அவர்கள் காய்ச்சுவது மது. நமக்கு அது வேண்டியதில்லை. ஆனால் அந்த முறை வேண்டும். பாத்திரத்தின் பழைய சரித்திரம் தெரிய வேண்டும், பிரிக்கக் கூடியதையெல்லாம் பிரிக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாத மூலையிலேதான் கெடுதி ஒளிந்திருக்கும் என்று உணர வேண்டும். பொழுதுபோக்குக்காகப் பீர் காய்ச்சுகிறவன் இவ்வளவு சிரத்தை எடுக்கும்போது, அதையே பிழைப்பாகக் கொண்டவனுக்கு நாம் என்ன வசதி செய்து கொடுத்தோம்?

எதைப் புதுப்பிக்கலாம், எதைக் கூடாது?

மரத்திலே மண் கலயம் இருந்தாலும், கீழே இறக்கிய பதநீரைச் சுமந்து செல்லப் பெரிய பாத்திரம் வேண்டும். இங்கேதான் ஆபத்து அதிகம். தூத்துக்குடி துறைமுகப் பட்டினம். ஆலைகள் நிறைந்த ஊர். பழைய இரும்புக் கடையிலும் பழைய பிளாஸ்டிக் கடையிலும் டிரம், கேன் எதுவும் மலிவாகக் கிடைக்கும். நீல நிறக் கேனைப் பார்த்ததும் உறுதியாக இருக்கிறதே என்று வாங்கி விடுகிறார்கள். அதிலே முன்பு இருந்தது அமிலமா, பூச்சி மருந்தா, சாயமா என்று யார் கண்டது? மருந்துப் பொருள் ஊறிய பிளாஸ்டிக்கை எந்தக் கழுவலும் காப்பாற்றாது. ரசாயனம் இருந்த பாத்திரத்தைப் புதுப்பிக்கவே கூடாது. உள்ளே கீறல் விழுந்த கேனும் ஆகாது. கீறலுக்குள் தும்பும் நுழையாது, வெந்நீரும் நுழையாது.

அலுமினியப் பால் கேன் நல்லது என்று எண்ணுகிறவர்களும் உண்டு. பாலுக்கு நல்லது. சுண்ணாம்பு கலந்த பதநீருக்கு ஆகாது. சுண்ணாம்பின் காரம் அலுமினியத்தை அரித்துவிடும். துத்தநாகம் பூசிய வாளிக்கும் அதே கதிதான். செம்பு, பித்தளையில் புளித்த சாறு பட்டால் களிம்பு ஏறும். பதநீருக்கு ஏற்ற உலோகம் துருப்பிடிக்காத எஃகு ஒன்றுதான். எவர்சில்வர் என்று வீட்டில் சொல்கிறோமே, அது. எவர்சில்வர் பால் கேன் பழையதாகக் கிடைத்தாலும் வாங்கலாம். ஒட்டு விட்டிருக்கிறதா, ஓட்டை உண்டா என்று தண்ணீர் நிரப்பிப் பார்க்க வேண்டும். மூடியின் ரப்பரை மாற்ற வேண்டும். சலவைச் சோடா போட்ட வெந்நீரில் ஊற வைத்துத் தேய்த்து, கொதிநீரால் அலச வேண்டும். பல வருஷம் உழைக்கும்.

மண் கலயத்தையே விட்டுவிட்டால் என்ன, பிளாஸ்டிக் டப்பா லேசாக இருக்கிறது, கீழே விழுந்தால் உடைவதில்லை என்று கேட்பவர்களும் உண்டு. உச்சி மரத்திலிருந்து ஒரு கலயம் நழுவினால் ஒரு கலயத்தின் விலை போகிறது. கலயம் வனையும் சூளைகளும் குறைந்து வருகின்றன. இதையெல்லாம் மறுப்பதற்கில்லை. ஆனால் மண் கலயம் வேர்த்துக் கொடுப்பதால் உள்ளே குளிர்ச்சி நிற்கிறது. வெயில் ஏறினாலும் சாறு சீக்கிரம் சூடாவதில்லை. சுண்ணாம்பு அதன் சுவரிலே பிடித்து நிற்கும். தீயில் வாட்டிச் சுத்தம் செய்யலாம். பிளாஸ்டிக்கை எந்தத் தீயில் வாட்டுவது?

சிப்பியும் பவளமும்

முத்துக் கரைக்கும் பனங்காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், சுண்ணாம்புதான் சம்பந்தம். கடலில் ஒதுங்கும் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு இந்தக் கரையில் வெற்றிலைக்கும் ஆயிற்று, வீட்டுச் சுவருக்கும் ஆயிற்று, பனங்கலயத்துக்கும் ஆயிற்று. கடலின் அடியில் கிடந்தது மரத்தின் உச்சிக்குப் போயிற்று.

ஆனால் அந்தச் சுண்ணாம்புக்கு ஆசைப்பட்டே நாம் கடலைக் கெடுத்தோம். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியிருந்த பவளப் பாறைகளை வெட்டிச் சூளைக்கும் தொழிற்சாலைக்கும் கொண்டு போனார்கள். விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீரில் மூழ்கி மறைந்தன. 1986-ல் அந்தப் பகுதி கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001 முதல் பவளத்துக்கு வனவிலங்குச் சட்டத்தின் காவலும் உண்டு. முத்துக்குளிப்போ 1961-க்குப் பிறகு நடைபெறவே இல்லை. ஒரு தொழில் எப்படி ஓசையில்லாமல் மறையும் என்பதற்குத் தூத்துக்குடிக்கு வேறு பாடம் வேண்டியதில்லை. பனையும் அந்த வழியில் போகக் கூடாது. கலயத்துச் சுண்ணாம்பு கிளிஞ்சலிலிருந்தோ சுண்ணாம்புக் கல்லிலிருந்தோ வரட்டும். பவளத்திலிருந்து வர வேண்டாம்.

கழுவுகிற கைகள்

இந்த வேலையை யார் செய்கிறார்கள்? மரம் ஏறுவது ஆண். கலயம் கழுவுவதும், தண்ணீர் சுமப்பதும், பதநீர் காய்ச்சுவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். தேரி மணலிலே ஒரு குடம் தண்ணீர் கொண்டு வருவது எளிதல்ல. வெந்நீருக்கு விறகு வேண்டும். விறகு போதாமல் காய்ந்த ஓலையும் கருக்கு மட்டையும் பொறுக்கித்தான் அடுப்பே எரிகிறது. அதில் கருப்பட்டி காய்ச்சுவதா, கலயத்துக்கு வெந்நீர் வைப்பதா? “சுத்தமாக இரு” என்று புத்தி சொல்வது எளிது. தண்ணீரும் விறகும் கொடுக்காமல் புத்தி மட்டும் கொடுப்பது தருமம் ஆகாது.

கருப்பட்டியின் விலையில் மரம் ஏறிய கூலியை ஒருவாறு கணக்கிடுகிறார்கள். கலயம் கழுவிய கூலியை யாரும் கணக்கிடுவதில்லை. அந்தக் கூலி விலையில் சேர்ந்தால்தான் சுத்தம் நிலைக்கும்.

செய்ய வேண்டியது

காந்தியடிகள் பனை வெல்லத்தை வெறும் இனிப்பாக நினைக்கவில்லை. கள்ளை நிறுத்தினால் பனைத் தொழிலாளி பட்டினி கிடப்பானே என்றுதான் அதை ஆதரித்தார். 1934-ல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கமும், அதை நடத்திய தமிழர் ஜே. சி. குமரப்பாவும் அந்த வேலையை எடுத்துச் செய்தார்கள். கள்ளை விலக்கினால் அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்பது அன்றைய நியாயம். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.

அதற்கு நான்கு காரியங்கள் போதும். ஒன்று, பருவம் தொடங்குமுன் கூட்டுறவுச் சங்கங்களின் மூலம் புதுக் கலயங்களும் நல்ல சுண்ணாம்பும் குறைந்த விலையில் கிடைக்க வேண்டும். குயவருக்கும் அதனால் வேலை கிடைக்கும். இரண்டு, விளைகள் நிறைந்த ஊர்தோறும் தண்ணீர்த் தொட்டியும் பெரிய வெந்நீர் அண்டாவும் கொண்ட ஒரு கழுவும் கொட்டகை வேண்டும். மூன்று, பழைய கேனை வாங்கிக் கொண்டு எவர்சில்வர் கேனைத் தவணையில் கொடுக்கும் ஏற்பாடு வேண்டும். நான்கு, பதநீரைச் சோதிக்கும் எளிய முறை எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

நான்காவதற்குப் பணமே வேண்டாம். வெள்ளைத் தாளில் மஞ்சளைக் குழைத்துத் தடவிக் காய வையுங்கள். சுண்ணாம்பு சரியாக உள்ள பதநீரில் ஒரு சொட்டு அதிலே விட்டால் தாள் சிவக்கும். ஆரத்தி நீர் சிவக்கிறதே, அதே காரணம். சிவக்காவிட்டால் சந்தேகப்படலாம். வாங்குகிறவருக்கும் இது உதவும், விற்கிறவருக்கும் உதவும், விசாரிக்க வருகிற அதிகாரிக்கும் உதவும். பழமொழிக்குப் பயந்து வாழும் தொழிலாளிக்கு ஒரு மஞ்சள் தாளாவது சாட்சி சொல்லட்டும்!

கருப்பட்டி வாங்கும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். “கலப்படம் இல்லையே?” என்று கேட்பதோடு நிற்காதீர்கள். “எந்தக் கலயத்தில் இறக்கியது? எந்தப் பாத்திரத்தில் சேர்த்தது?” என்றும் கேளுங்கள். நல்ல பதில் கிடைத்தால் நாலு காசு கூடக் கொடுத்து வாங்குங்கள். அந்த நாலு காசு கலயம் கழுவிய கைக்குப் போய்ச் சேர வேண்டிய காசு.